எந்தக் கஸ்கட் வாங்குவது? வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் செய்யத் தொடங்குபவர்களுக்கு

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய ஜப்பான் கார்களுக்கு வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. வன்னியிலும் தொண்ணூறுகளின் கொரோல்லா, சிவிக், ஸ்டார்லெட் என்று ஒன்றைத் தேடிப் பிடித்து, வீட்டு முற்றத்தில் தறப்பாள் கட்டி, எஞ்சினை இறக்கி வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஹெட் கஸ்கட் எது நல்லது? ரேஸ் கார்களுக்குப் போடுவதையே வாங்கிப் போட்டால் என்ன?”

கிளிநொச்சிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இந்தக் கேள்வி இப்படிப் போகும். (எம்எல்எஸ் என்பது பல அடுக்கு உருக்குக் கஸ்கட்.)

“அண்ணை, எம்எல்எஸ் போடட்டே?”

“முதலிலை ஹெட்டைக் கொண்டு வா தம்பி. பாத்திட்டுச் சொல்லுறன்.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அந்தப் பதிலைத்தான். கஸ்கட்டைத் தீர்மானிப்பது பெட்டியில் இருக்கும் பெயர் அல்ல. உங்கள் ஹெட்டும் (எஞ்சினின் மேல்பாகம்) புளொக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பாகம்) எந்த நிலையில் இருக்கின்றன, எஞ்சினிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், அதற்கு என்ன பெற்றோல் ஊற்றப்போகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்த பிறகு, கஸ்கட் தானாகவே தெரிய வரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கஸ்கட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றதை எல்லாம் அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறார்கள்.

கஸ்கட் என்ன வேலை செய்கிறது

இரண்டு உலோக முகங்களை எவ்வளவு நன்றாகச் சீவினாலும், ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இடையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பி அடைப்பதுதான் கஸ்கட். எஞ்சினில் வேறு பல இடங்களில் கஸ்கட் இருந்தாலும், ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கஸ்கட்டுக்குத்தான் வேலை பாரம். ஒரே தகட்டில் மூன்று பொருட்களை ஒன்றோடொன்று கலக்காமல் அது பிரித்து வைக்கவேண்டும்: சிலிண்டருக்குள் எரியும் வாயு, சுற்றி ஓடும் கூலண்ட், மேலே ஏறும் ஒயில்.

அந்த வாயுவின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 1983இல் வந்த ஏஈ86 கொரோல்லா லெவினில் இருந்தது இதுதான். 1587 சிசி, சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 77 மில்லிமீற்றர். டர்போ இல்லாத இப்படிப்பட்ட எஞ்சினில் அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் 60 முதல் 80 பார் வரை போகலாம் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 70 பார் என்று வைத்தால், ஒரு சிலிண்டரிலிருந்து ஹெட்டை மேலே தள்ளும் விசை மூன்றரைத் தொன் நிறைக்குச் சமம். 7000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் செக்கனுக்கு 58 தடவை இப்படி உதைக்கிறது.

வெப்பமும் வேறு திசையில் தன் வேலையைக் காட்டும். இந்த எஞ்சினில் ஹெட் அலுமினியம், புளொக் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். 400 மில்லிமீற்றர் நீளமான ஹெட் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடேறினால் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். புளொக் அதில் பாதிதான் நீளும். காலையில் ஸ்டார்ட் செய்து பின்னேரம் நிறுத்தும் ஒவ்வொரு நாளும் ஹெட், புளொக்கின் மேல் இப்படி மெல்ல நகர்ந்து நகர்ந்து திரும்புகிறது. நடுவில் இருக்கும் கஸ்கட் கிழியாமல் அதைத் தாங்கவேண்டும். கஸ்கட்டை வெறும் தாள் என்று நினைப்பவர்கள் இந்த நகர்வை மறந்துவிடுகிறார்கள்.

எது முதலில் தோற்கும் என்றால், பெரும்பாலும் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய இடம். குளக்கட்டில் மெலிந்த இடத்தைத் தண்ணீர் தேடிப் போவதைப் போல வாயுவும் அங்கேதான் போகும்.

மூன்று வகை

கடையில் கிடைப்பவை பலவிதமாகத் தெரிந்தாலும் அடிப்படையில் மூன்று வகைதான்.

முதலாவது கொம்போசிட். நடுவில் மெல்லிய உருக்குத் தகடு, இருபக்கமும் கிரபைட் போன்ற மென்மையான பொருள், சிலிண்டர் துளையைச் சுற்றி ஓர் உலோக வளையம். பழைய கார்களில் கம்பனியிலிருந்தே வந்தது பெரும்பாலும் இதுதான். மென்மையாக இருப்பதால் மேற்பரப்பில் இருக்கும் சிறு குறைகளை மன்னித்துவிடும். அளவான வலுவோடு ஓடும் எஞ்சினுக்கு இது தாராளமாகப் போதும்.

இரண்டாவது எம்எல்எஸ். பல அடுக்கு மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கி, ஓரங்களில் அலைபோல எழுப்பி, வெளிப்புறத்தில் மெல்லிய ரப்பர் பூச்சுப் பூசியது. எழுப்பிய பகுதி ஸ்பிரிங் போலச் செயற்பட்டு, ஹெட் இலேசாக எழும்பி இறங்கும்போதும் அடைப்பை விடாமல் பிடிக்கும். டர்போ எஞ்சினுக்கும் கொம்பிரஷன் (கலவையை நசுக்கும் அளவு) கூட்டிய எஞ்சினுக்கும் இதுதான் சரி. புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் கம்பனியே இதைத்தான் போடுகிறது. ஆனால் இது மேற்பரப்பை மன்னிக்காது.

மூன்றாவது தனிச் செம்பு. ரேஸ் எஞ்சின்களில் போடுவார்கள். அதற்கு ஹெட்டிலோ புளொக்கிலோ வளையம் பதிக்கத் தவாளிப்பு வெட்டவேண்டும். அப்படிச் செய்தாலும் கூலண்ட் கசியப் பார்க்கும். மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடித் திரியப்போகும் காருக்கு இது வேண்டாம். இதைப் பற்றி இதற்குமேல் பேசத் தேவையில்லை.

மேற்பரப்பு

மெக்கானிக் ஹெட்டைக் கொண்டுவரச் சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு விஷயத்தை அவர் பார்ப்பார்: ஹெட் மட்டமாக இருக்கிறதா, அதன் முகம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது.

மட்டம் பார்க்க ஒரு நல்ல நேர்விளிம்பும் ஒரு ஃபீலர் கேஜும் வேண்டும். நேர்விளிம்பு என்றால் பாடசாலை அடிமட்டம் அல்ல. மெஷின் பண்ணிய உருக்கு விளிம்பு. ஹெட்டை நன்றாகத் துடைத்துக் கவிழ்த்து வைத்து, விளிம்பை நிமிர்த்தி வையுங்கள். நீளவாக்கில் இரு ஓரங்களிலும், குறுக்கே இரு முனைகளிலும், பிறகு மூலைக்கு மூலையாக இரண்டு தடவையும் வைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் 0.05 மில்லிமீற்றர் தகட்டை விளிம்புக்குக் கீழே நுழைக்கப் பாருங்கள். நுழையாவிட்டால் நல்லது. நுழைந்து இலகுவாக ஓடினால் ஹெட் வளைந்திருக்கிறது. பல ஜப்பான் நாலு சிலிண்டர் எஞ்சின்களுக்கு எல்லை அந்த 0.05தான், உங்கள் எஞ்சினுக்குரிய கைநூல் சொல்வதே கடைசி வார்த்தை. ஹெட்டைப் பார்த்தது போதும் என்று விட்டுவிடாமல் புளொக்கையும் இப்படியே பாருங்கள். ஒருமுறை சூடேறிப்போன எஞ்சினில் புளொக்கின் முகமும் நடுவில் இறங்கியிருக்கலாம்.

வழவழப்பு கண்ணால் அளக்கும் விஷயமல்ல. அதை மைக்ரோமீற்றரில் சொல்வார்கள், மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொம்போசிட் கஸ்கட் கொஞ்சம் சொரசொரப்பை விரும்பும். ஒன்றரை முதல் இரண்டரை மைக்ரோமீற்றர் வரை இருந்தால் அதன் மென்மையான பகுதி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எம்எல்எஸுக்கு அதிகபட்சம் 1.3 அளவில் இருக்கவேண்டும்; 0.8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. அதன் மேல் இருக்கும் ரப்பர் பூச்சு அவ்வளவு மெல்லியது. ஆழமான கீறலை நிரப்ப அதனால் முடியாது. ஆக, பழைய முகத்தில் விலை உயர்ந்த எம்எல்எஸை வைத்தால், அதே முகத்தில் சாதாரண கொம்போசிட் வைப்பதைவிட மோசமாக ஒழுகும். எஞ்சின் மெஷினிங் செய்யும் பட்டறைக்கு ஹெட்டைக் கொடுக்கும்போது “ஸ்கிம் பண்ணித் தாங்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். எம்எல்எஸ் போடப் போகிறேன், அதற்கேற்ற முகம் வேண்டும் என்று சொல்லுங்கள். எவ்வளவு சீவினார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பின்னால் கணக்குக்கு அது வேண்டும். புளொக்கைச் சீவ முடியாத நிலை என்றால், முழு எஞ்சினையும் கழற்றப் பணமோ மனமோ இல்லையென்றால், நல்ல ஜெனுயின் கொம்போசிட் கஸ்கட்டே உங்களுக்குரியது. அதில் குறைவு ஒன்றுமில்லை.

பழைய கஸ்கட்டைச் சுரண்டும் விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நல்ல ஹெட்டுகள் பல இந்தக் கட்டத்தில்தான் கெடுகின்றன. டிரில்லில் சுழலும் உராய்வுச் சக்கரத்தைப் பூட்டி அலுமினியத்தில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் பளபளக்கும்; ஆனால் வைத்த இடம் குழியாகிவிடும், உதிரும் துகள் ஒயில் வழிக்குள் போய் பெயரிங்கை அரைக்கும். பிளாஸ்டிக் சுரண்டியோ, கூரான பிளேட்டைச் சாய்த்துப் பிடித்தோ பொறுமையாக எடுங்கள். கஸ்கட் கரைக்கும் திரவம் கிடைத்தால் முதலில் அதைப் பூசி ஊறவிடுங்கள். மிகப் பழைய எஞ்சின் என்றால் அந்தக் கஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதை உலர்ந்தபடி தூசி பறக்கச் சுரண்டக்கூடாது. நனைத்து எடுத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டிவிடுங்கள். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் வீடென்றால் இது இன்னும் முக்கியம்.

தடிப்பும் கொம்பிரஷனும்

“மெல்லிய கஸ்கட் போட்டால் கொம்பிரஷன் ஏறும், கார் பறக்கும்” என்ற பேச்சு எல்லாக் கராஜிலும் உண்டு. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைக் கணக்கோடு பார்ப்போம்.

4ஏ-ஜிஇயில் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 397 சிசி. ஆரம்பகால 16 வால்வ் எஞ்சினின் கொம்பிரஷன் விகிதம் 9.4. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 47.2 சிசி. கஸ்கட்டின் துளை 82 மில்லிமீற்றர், இறுக்கிய பிறகு தடிப்பு 1.2 மில்லிமீற்றர் என்று வைத்தால், அந்த இடத்தில் கஸ்கட்டின் பங்கு 6.3 சிசி. அதை 0.8 மில்லிமீற்றராகக் குறைத்தால் 4.2 சிசி. மிச்ச இடம் 45.1 சிசியாகக் குறைகிறது, விகிதம் 9.8 ஆகிறது.

9.4இலிருந்து 9.8. கோட்பாட்டின்படி இதனால் எஞ்சினின் செயற்திறனில் வரும் கூடுதல் ஏறத்தாழ ஒரு வீதம்தான். நூறு குதிரைவலுவுக்கு ஒன்று. ஓட்டும்போது அது தெரியாது. அந்த ஒரு வீதத்துக்காக எதையெல்லாம் விலையாகக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறைகிறது. பிஸ்டன் புளொக்கின் மட்டத்துக்கு வந்து நிற்கும் எஞ்சினில் அந்த இடைவெளி கஸ்கட்டின் தடிப்பேதான். உருக்கு கொனெக்டிங் ரொட் உள்ள எஞ்சினில் ஒரு மில்லிமீற்றர் அளவு வைப்பது பாதுகாப்பு. 0.8க்குக் கீழே போனால் உயர் ஆர்பிஎம்மில் முட்டும் அபாயம் தொடங்குகிறது. வால்வும் பிஸ்டனுக்கு நெருங்கி வரும். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றப் போகிறீர்கள் என்றால் பிஸ்டன் தலையில் மாடலிங் களிமண் வைத்து, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு கழற்றி நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளந்து பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இதைத் தவிர்க்கிற குறுக்குவழி எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹெட்டை ஸ்கிம் செய்தாலும் இதே விளைவுதான் வரும், அதனால்தான் எவ்வளவு சீவினார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னேன். 0.3 மில்லிமீற்றர் சீவியிருந்தால் அதற்கேற்பத் தடித்த கஸ்கட் வாங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எம்எல்எஸ் கஸ்கட்டுகளில் ஒரே எஞ்சினுக்குப் பல தடிப்புகள் கிடைப்பது இந்த வேலைக்குத்தான். சிலிண்டரை 0.50 மில்லிமீற்றர் பெரிதாகக் குடைந்து ஓவர்சைஸ் போர் பண்ணியிருந்தால் கஸ்கட்டின் துளையும் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். கஸ்கட்டின் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நின்றால் அது சிவக்கச் சூடேறி, பிளக் எரியுமுன்னே கலவையைக் கொளுத்தும்.

பெற்றோல் விஷயம் இங்கே வருகிறது. இலங்கையில் பொதுவாக ஒக்டேன் 92, 95 என்று இரண்டு வகை விற்கிறார்கள். கொம்பிரஷன் ஏறினால் அல்லது டர்போ அழுத்தம் ஏறினால் 95 வேண்டும். இல்லாவிட்டால் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எஞ்சின் தட்டும். அந்தத் தட்டல்தான் கஸ்கட்டின் பெரிய எதிரி; தொடர்ந்து தட்டினால் சிலிண்டரைச் சுற்றியுள்ள வளையத்தை நசுக்கி உடைக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கஸ்கட் என்றாலும் சரி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது வன்னியில் பெற்றோல் எஞ்சின்களைக் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொம்பிரஷன் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. 2022இல் கியூஆர் கோட்டுக்கு வரிசையில் நின்ற நாட்களும் தூரமில்லை. 95 இல்லாமல் அசையாத ஒரு எஞ்சினைக் கட்டுவதற்கு முன், நீங்கள் ஓடும் பாதையில் 95 எங்கெங்கே வழமையாகக் கிடைக்கிறது என்று பார்த்து வையுங்கள். எனக்குக் கேட்டால், இங்கே தினமும் ஓடப்போகும் காருக்குக் கம்பனி கொடுத்த கொம்பிரஷனை அப்படியே வைத்துக்கொள்வதுதான் புத்தி. வலுவைக் கேமிலும், ஹெட்டின் காற்று வழியிலும், நல்ல எக்ஸோஸ்ட் ஹெடரிலும், சரியான டியூனிங்கிலும் தேடலாம்.

போல்ட்

கஸ்கட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது போல்ட்டுக்குக் கொடுங்கள். ஹெட்டைக் கீழே பிடித்து வைத்திருப்பது அதுதான். இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்ப்பதால்தான் பிடி வருகிறது. சில எஞ்சின்களில் போல்ட்டை அதன் மீள்திறனின் எல்லைவரை நீட்டும்படி வடிவமைத்திருப்பார்கள். முதலில் குறித்த டோர்க் (முறுக்கும் விசை), பிறகு 90 பாகை திருப்பு, பிறகு இன்னொரு 90 பாகை என்று கைநூல் சொன்னால் அது பெரும்பாலும் அந்த வகை. அவற்றின் நீளத்தை அளந்து எல்லைக்குள் இருந்தால் மட்டும் திரும்பப் போடலாம். சில எஞ்சின்களுக்கு எப்படியும் புதிதுதான் போடவேண்டும். டர்போ எஞ்சினுக்கு ஏஆர்பி போன்ற கம்பனிகள் போல்ட்டுக்குப் பதிலாகச் செய்யும் ஸ்டட்டுகள் நல்ல முதலீடு. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் டோர்க்கும் அவர்கள் தரும் கிரீஸும்தான். கார்க் கம்பனி சொன்ன டோர்க்கை அதில் போடக்கூடாது.

காரணம் இதுதான்: ரெஞ்சில் நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் பிடியாக மாறுகிறது. மிச்சம் முழுதும் போல்ட் தலைக்குக் கீழும் புரியிலும் உராய்வில் போய்விடும். புரியில் துரு இருந்தால், ஒயில் இல்லாமல் காய்ந்திருந்தால், ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டினாலும் பிடி குறைவாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தம் செய்து, புரியில் கைநூல் சொன்னதைப் பூசுங்கள். அடி மூடிய ஓட்டைக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கி நின்றால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமில்லை; புளொக் வெடித்த கதைகள் உண்டு. இறுக்குவது நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக. டோர்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் ஹெட் இறுக்குபவரிடம் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

மற்றவை

வால்வ் கவர், மனிஃபோல்ட், ஒயில் சம்ப், வோட்டர் பம்ப் எல்லாவற்றுக்கும் கஸ்கட் உண்டு. ஃபுல் செட் வாங்கினால் எல்லாமே வரும். ஹெட் மட்டும் கழற்றினால் ஹெட் செட் போதும். வால்வ் ஸ்டெம் சீல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், ஹெட் கழன்ற நேரத்தில் அதை மாற்றாமல் விடுவது வீண். இன்டேக் பக்கக் கஸ்கட் காற்றுப் புகவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். எக்ஸோஸ்ட் பக்கம் உலோகக் கஸ்கட்தான். அங்கே சிலிக்கன் பூசினால் கருகிக் கொட்டும். சிலிக்கன் ஒட்டி, கைநூல் காட்டிய இடத்துக்கு மட்டும், மெல்லிய கோடாக. பிதுங்கி உள்ளே விழுந்த துண்டு ஒயில் சல்லடையில் போய் அடைத்தால் அந்தச் சிறு துண்டே எஞ்சினைக் கொன்றுவிடும். தாள் கஸ்கட் கிடைக்காவிட்டால் கஸ்கட் தாளை முகத்தில் வைத்துச் சிறு சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டி வெட்டி எடுக்கும் கைவித்தை நம்மூர் மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. வோட்டர் பம்ப்புக்கு அது அருமையான வேலை. ஹெட்டுக்கு ஆகாது.

வன்னியின் தண்ணீர்

வலு கூட்டிய எஞ்சின் கூடுதல் வெப்பத்தை வெளியே தள்ளும். சித்திரை, வைகாசியில் வெப்பம் 35 பாகையை எட்டும் இடத்தில் அந்த வெப்பத்தை ரேடியேட்டர்தான் கழிக்கவேண்டும். ஹெட் கஸ்கட் போவதற்கு முந்திய கதை பெரும்பாலும் சூடேறிய கதைதான். ஆகவே உங்கள் பட்டியலில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வோட்டர் பம்ப், குழாய்கள், ஃபேன் ஆகியவை கஸ்கட்டுக்கு முதல் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வன்னியின் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கல்லுத் தண்ணீர். கேத்தலுக்கு அடியில் வெள்ளையாகப் படிவது தெரியும்தானே, அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் ஹெட்டின் தண்ணீர் வழிகளிலும் படியும். படிந்த இடத்தில் வெப்பம் கடக்காது. வெளியே எல்லாம் புதிதாக இருக்கும், உள்ளே ஹெட்டின் ஒரு மூலை மட்டும் கொதிக்கும். புது எஞ்சினுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பைகூட ஊற்றாதீர்கள். வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலண்ட். அதிலுள்ள அரிப்புத் தடுப்பான் அலுமினிய ஹெட்டையும் கஸ்கட்டின் ஓரங்களையும் காக்கும்.

ரேடியேட்டர் மூடியும் சும்மா மூடியல்ல. 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். ரப்பர் வெடித்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. மலிவான சாமான், புதிதாக வாங்கிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் குளிராக ஓடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் அதன் வெப்பநிலைக்கு வராமல் தேய்மானம் கூடும். கச்சான் காற்றுக் காலத்தில் தூசி கூட என்பதால் ரேடியேட்டர் செட்டைகளையும் எயார் ஃபில்டரையும் அடிக்கடி பார்க்கவேண்டும்; வலுவுக்காக ஃபில்டர் இல்லாமல் ஓடுவது பிஸ்டன் ரிங்குக்குச் செய்யும் துரோகம்.

வாங்கும்போது

கிளிநொச்சி, வவுனியா ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் இல்லாவிட்டால் எல்லோரும் போவது கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு. கிளிநொச்சியிலிருந்து போக 300 கிலோமீற்றருக்கு மேல். பிழையான சாமானோடு திரும்பி வந்தால் இன்னொரு பயணம். எஞ்சின் வகைக் குறியீடு, சேசி இலக்கம், ஸ்கிம் செய்த அளவு, சிலிண்டர் ஓவர்சைஸ் எல்லாம் எழுதிய ஒரு தாளும், முடிந்தால் பழைய கஸ்கட்டும் கையில் இருக்கட்டும். கடைக்காரர் முன்னாலேயே புதியதைப் பழையதன்மேல் வைத்து, ஒவ்வொரு ஓட்டையும் ஒத்து வருகிறதா என்று பாருங்கள். ஒரே எஞ்சின் குடும்பத்தில் வருடத்துக்கு வருடம் ஒயில் ஓட்டை மாறும். போலியும் உண்டு. பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தால், பாகத்தில் இலக்கம் இல்லாவிட்டால், சிலிண்டர் வளையம் ஒரே சீராக இல்லாவிட்டால், விலை நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். ஹெட் கஸ்கட்டை வாகனத்தில் மடிக்காமல், இரண்டு மட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கொண்டுவரவேண்டும். பஸ்ஸில் மேலே திணித்துக் கொண்டுவந்து வளைந்துபோன எம்எல்எஸை யாராலும் நிமிர்த்த முடியாது. மற்றப் பாகங்களைப் பயன்படுத்தியதாக வாங்கலாம், கஸ்கட்டும் சீலும், கைநூல் புதிது கேட்கும் போல்ட்டும் மட்டும் புதிது.

எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால், வாகனப் பதிவில் எஞ்சின் இலக்கம் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிந்துகொள்ளவேண்டும். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாந்தப் புகைப் பரிசோதனையும் உண்டு. பில்களை எறியாதீர்கள்.

பூட்டிய பிறகு

எம்எல்எஸுக்கும் நவீன கொம்போசிட்டுக்கும் மறுபடி இறுக்கத் தேவையில்லை. பழைய வகைகளில் சிலவற்றுக்கு முதல் சூட்டுக்குப் பிறகு இறுக்கச் சொல்வார்கள். கஸ்கட்டோடு வரும் தாளில் இருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ரேடியேட்டரில் காற்று முழுதும் வெளியேறும்வரை மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, நிரப்பி, மூடுங்கள். சூடேறி, முழுதாக ஆறி, திரும்பவும் சூடேறி என்று சில தடவை மெதுவாக ஓட்டிப் பழக்குங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் கொம்பிரஷன் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு நடுவில் வித்தியாசம் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோகிராமுக்குள் இருக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவில் கஸ்கட் அடைக்கவில்லை.

முதல் சில வாரங்களில் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாமல் மட்டம் இறங்கிக்கொண்டே போனால், எஞ்சின் ஓடும்போது ரிசேவ் தாங்கியில் குமிழிகள் தொடர்ந்து வந்தால், ஒயில் குச்சியில் பால் கலந்த நிறம் தெரிந்தால், எக்ஸோஸ்டில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை நின்று வந்தால், அன்றைக்கே காரை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள். “கொஞ்சம் ஓடிப் பாப்பம்” என்று ஏ9 வீதியில் ஏறினால், கஸ்கட் மட்டும் மாற்றவேண்டிய இடத்தில் ஹெட்டையும் சேர்த்துத் தேடவேண்டி வரும்.